முதலில் உட்காரச் சொல்லுங்க!

வேலை பார்க்கிற இடத்து மரியாதை பற்றிக் கேள்விகள் அனுப்பச் சொல்லியிருந்தோம். மஞ்சள் மண்டியிலிருந்து ஐ.டி. ஆபீஸ் வரை எல்லாத் திசையிலிருந்தும் வந்திருக்கின்றன. சிலவற்றுக்கு ஒரு வரி போதும். சிலவற்றை அப்படி விட மனம் வரவில்லை.

கேள்வி: ஆபீஸ் நாகரிகம்னா இங்கிலீஷ் பேசறது, டை கட்டறதுதானுங்களா?
— பி.காம். மாணவர், சித்தோடு

இல்லைங்க. வந்து நிற்பவரை நிமிர்ந்து பார்த்து “வாங்க, உட்காருங்க” என்று சொல்ல வந்தால் முக்கால்வாசி முடிந்தது. அதை யாரிடம் சொல்கிறோம் என்பதில்தான் மீதி இருக்கிறது. காரில் வந்து இறங்குகிறவருக்கு எல்லோரும் நாற்காலி போடுவார்கள். செருப்பை வாசலில் கழற்றிவிட்டு, கையில் சிட்டா நகலைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு, யாரைக் கேட்பது என்று தெரியாமல் நிற்கிறாரே ஒரு பெரியவர், அவருக்கும் அதே ‘வாங்க’ அதே குரலில் வருகிறதா? வந்தால் நீங்கள் எந்த ஆபீஸிலும் பிழைத்துக்கொள்வீர்கள். இங்கிலீஷை ஆறு மாதத்தில் கற்றுக்கொள்ளலாம், தம்பி.

கேள்வி: ஜவுளிக்கடையில் சேலை செக்‌ஷன். காலையில் நின்றால் ராத்திரி வரைக்கும் நிற்க வேண்டும். கூட்டம் இல்லாதபோது கொஞ்சம் உட்கார்ந்தாலும், ‘கஸ்டமருக்கு மரியாதை இல்லை’ என்று ஃப்ளோர் மேனேஜர் சத்தம் போடுகிறார்.
— விற்பனைப் பெண், ஈரோடு

அம்மணி, உட்கார்வது உங்கள் உரிமை. 2021 செப்டம்பரில் தமிழ்நாடு சட்டமன்றம் 1947-ஆம் ஆண்டின் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தி 22-ஏ என்ற பிரிவைச் சேர்த்தது. எல்லா ஊழியருக்கும் இருக்கை வைக்க வேண்டும், வேலைக்கு நடுவில் வாய்ப்புக் கிடைக்கும்போது அவர்கள் உட்கார வழி இருக்க வேண்டும் என்கிறது அது. கேரளம் இதை 2018-லேயே செய்துவிட்டது. அங்கே கடைகளில் நின்றே வேலை பார்த்த பெண்கள் வருஷக் கணக்கில் போராடி வாங்கிய உரிமை அது.

ஆர்.கே.வி. ரோட்டிலும் ஈஸ்வரன் கோயில் வீதியிலும் எந்தக் கடைக்குள் போனாலும், கவுன்ட்டருக்குப் பின்னால் நிற்கிற பெண்களின் காலைக் கவனியுங்கள். ஒரு காலில் பாரத்தைப் போட்டு மறு காலை ஆற வைப்பார்கள். கொஞ்ச நேரத்தில் கால் மாற்றுவார்கள். பாத்ரூமுக்குப் போக அனுமதி கேட்க வேண்டியிருக்கிறதே என்று தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொள்கிறவர்கள் உண்டு. இவர்களை நிற்க வைத்தால்தான் வாடிக்கையாளருக்கு மரியாதை என்று எந்த வாடிக்கையாளர் சொன்னார்?

மேனேஜருக்குச் சொல்லிவிட்டேன். இனி வாடிக்கையாளருக்கும் ஒன்று சொல்ல வேண்டும். நாற்பது சேலையைப் பிரித்துப் போடச் சொல்லி, ‘அப்புறம் வர்றோம்’ என்று எழுந்து போகிறோம். பிடிக்கவில்லை என்றால் வாங்க வேண்டாம், அதில் தப்பே இல்லை. ஆனால் என்ன விலைக்குள், என்ன நிறத்தில் வேண்டும் என்று முதலிலேயே சொன்னால் பத்துச் சேலையோடு முடிந்துவிடும். போகும்போது ‘ரொம்ப சிரமப்பட்டு எடுத்துக் காட்டினீங்க’ என்று ஒரு வார்த்தை. இன்னும் மனசு இருந்தால், ‘உட்கார்ந்துட்டே காட்டும்மா’ என்று மேனேஜர் காதில் விழும்படி சொல்லுங்கள். வாடிக்கையாளரே சொன்ன பிறகு அவர் எதைச் சொல்லித் தடுப்பார்?

கேள்வி: ராத்திரி பதினொரு மணிக்கு ஆபீஸ் வாட்ஸ்அப் குரூப்பில் வேலை சொல்கிறார்கள். பதில் போடாவிட்டால் மரியாதைக் குறைவா?
— ஐ.டி. ஊழியர், கோவை

பதினொரு மணிக்கு அனுப்பியதுதான் மரியாதைக் குறைவு. காலையில் ‘பார்த்துட்டேங்க, இப்போ ஆரம்பிக்கிறேன்’ என்று போடுங்கள், போதும். சர்வர் நின்றுவிட்டது போன்ற அவசரம் என்றால் போன் பண்ணுவார்கள்.

கேள்வி: புதுசா சேர்ந்த பையன்கிட்ட ‘எந்த ஊரு, எந்தப் பக்கம், குலதெய்வம் எங்கே’ன்னு கேட்டா என்னங்க தப்பு? பேச்சுக்குத்தானே கேக்கறோம்?
— கணக்காளர், கோபிசெட்டிபாளையம்

ஊரைக் கேட்பதில் தப்பில்லை. ‘ஊருக்குள்ள எந்தப் பக்கம்?’, ‘குலதெய்வம் எங்கே?’, ‘அங்கே இன்னாரு உங்களுக்கு என்ன வேணும்?’ என்று வரிசையாக இறங்கும்போது, கடைசியில் எங்கே போய் நிற்கும் என்பது கேட்பவருக்கும் தெரியும், சொல்பவருக்கும் தெரியும். அடுத்த முறை அந்தப் பையன் முகத்தைக் கவனியுங்கள். முதல் கேள்விக்குச் சிரிப்பான். மூன்றாவது கேள்விக்குக் கம்ப்யூட்டரைப் பார்க்க ஆரம்பித்துவிடுவான். சொன்னால் நாளையிலிருந்து டிபன் பாக்ஸைத் திறக்கும்போது பக்கத்தில் யார் உட்காருவார்கள் என்ற கவலை. சொல்லாவிட்டால் ‘ஏன் மறைக்கிறான்’ என்ற பேச்சு. வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்தில் ஒருவனை இந்த இக்கட்டில் நிறுத்துவது கொடுமை.

1929 பிப்ரவரியில் செங்கல்பட்டில் கூடிய முதல் சுயமரியாதை மாநாடு, பெயருக்குப் பின்னால் சாதிப் பட்டம் போடுவதை விட்டுவிட வேண்டும் என்று தீர்மானம் போட்டது. அந்த இயக்கத்தைத் தொடங்கியவர் ஈரோட்டுக்காரர். இன்று நம் விசிட்டிங் கார்டுகளில் வெறும் பெயரும் இனிஷியலும் மட்டும் இருக்கிறதே, அதற்குப் பின்னால் அந்தத் தலைமுறையின் உழைப்பு இருக்கிறது. அவர்கள் கார்டிலிருந்து எடுத்ததை நாம் டீ டைமில் தோண்டி எடுக்கக் கூடாது.

புதுப் பையனிடம் கேட்க வேறு கேள்வியா இல்லை? ரூம் கிடைச்சுதா, மத்தியானச் சாப்பாட்டுக்கு என்ன பண்றீங்க, பஸ் ஸ்டாண்டுலருந்து எந்த வண்டி ஏறி வர்றீங்க? இதையெல்லாம் கேளுங்கள். அவனுக்கு உதவியாகவும் இருக்கும்.

கேள்வி: எங்க ஆபீஸ் பையனுக்கு வயசு பத்தொன்பதுதான். ‘டேய்’னு கூப்பிடலாமா?
— கடை உரிமையாளர், பன்னீர்செல்வம் பார்க், ஈரோடு

உங்கள் கடைக்குக் கொஞ்ச தூரத்தில் பிறந்து வளர்ந்தவர் பெரியார். எவ்வளவு சின்னவராக இருந்தாலும் ‘வாங்க, போங்க’ என்றுதான் பேசுவார் என்று பழகியவர்கள் பலரும் எழுதிவைத்திருக்கிறார்கள். அவருடைய வயதுக்கும் செல்வாக்குக்கும் யாரை வேண்டுமானாலும் எப்படி வேண்டுமானாலும் அழைத்திருக்க முடியும். பெயர் சொல்லி ‘வாங்க தம்பி’ என்று கூப்பிட்டுப் பாருங்கள். ஒரே வாரத்தில் கடையில் மற்றவர்களும் அவனை அப்படியே கூப்பிடுவார்கள்.

கேள்வி: கலெக்‌ஷனுக்குப் போகிற இடமெல்லாம் டீ கொடுக்கிறார்கள். எனக்குச் சர்க்கரை. வேண்டாம் என்றால் முகம் வாடிவிடுகிறது.
— மார்க்கெட்டிங் பிரதிநிதி, பவானி

‘டீ வேண்டாங்க, ஒரு சொம்புத் தண்ணி கொடுங்க’ என்று நீங்களே கேட்டு வாங்கிக் குடியுங்கள். நம் பக்கத்தில் வந்தவருக்கு முதலில் தண்ணீர் கொடுத்துப் பிறகுதான் பேச்சு. அவர் கையிலிருந்து ஏதாவது ஒன்றை வாங்கிக்கொண்டால் வீட்டுக்காரர் மனசு நிறைந்துவிடும். காரணம் கேட்டால் சர்க்கரை என்று சொல்லிவிடுங்கள். அவருக்கும் இருக்கும், மாத்திரை பற்றிப் பேச ஆரம்பித்துவிடுவார்.

கேள்வி: மண்டியில் எங்களுக்குச் சில்வர் டம்ளர், லோடுமேன்களுக்குப் பேப்பர் கப். கேட்டால் ‘சுத்தத்துக்காக’ என்கிறார்கள். இதில் நான் என்ன செய்ய முடியும்?
— கணக்கர், மஞ்சள் மண்டி

சுத்தத்துக்காக என்றால் எல்லோருக்கும் பேப்பர் கப் வாங்கட்டும். அந்த யோசனையை நாளைக்கே மெதுவாகச் சொல்லிப் பாருங்கள். ஏற்றுக்கொண்டால் சுத்தம்தான் காரணம். இல்லையென்றால் காரணம் என்னவென்று உங்களுக்குத் தெரியும்.

நம் மாவட்டங்களின் டீக்கடைகளில் இரட்டை டம்ளர் இருந்ததும், அதை எதிர்த்துப் போராட்டங்கள் நடந்ததும் பழங்கதை ஆகிவிடவில்லை. தீண்டாமையை அரசியல் சட்டத்தின் 17-வது பிரிவு ஒழித்தது. அதைக் கடைப்பிடிப்பவரைத் தண்டிக்க 1955-லேயே சட்டம் வந்தது. ஆனாலும் பாத்திரத்தை மாற்றி, இடத்தை மாற்றி, ‘நீங்க வெளியவே உட்காருங்க, காத்தோட்டமா இருக்கும்’ என்று சொல்லி அது வேறு வேஷத்தில் வந்துகொண்டே இருக்கிறது. ஈரோட்டு மஞ்சளுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது 2019-ல். அந்த மஞ்சள் மூட்டையைப் பங்குனி வெயிலில் முதுகில் சுமந்து, கண் இமை முதல் கழுத்து வரை மஞ்சள் தூசியோடு வந்து நிற்கிறவர் அந்த லோடுமேன். இடையில் ஒரு டீ குடிக்கிறார்.

உங்களால் உடனே செய்ய முடிந்தது ஒன்று உண்டு. உங்கள் டீயை எடுத்துக்கொண்டு போய் அவர்களோடு உட்கார்ந்து, அவர்கள் குடிக்கிற அதே கப்பில் குடியுங்கள். இரண்டு நாளில் முதலாளி கவனிப்பார். மூன்றாம் நாள் நீங்கள் பேசலாம்.

கேள்வி: லைனில் தப்பு நடந்தால் அந்த இடத்திலேயே சத்தம் போட்டால்தான் மற்றவர்களுக்கும் பயம் வரும். அது தப்பா?
— சூப்பர்வைசர், பெருந்துறை

பயம் வரும். பயந்தவர் அடுத்த முறை தப்பை மறைப்பார். அளவு மாறித் தைத்த பீஸ் பண்டலுக்கு அடியில் போய்விடும், பெட்டி கப்பலேறிய பிறகு உங்களுக்குத் தெரியவரும்.

நம் பக்கத்து மாட்டுச் சந்தைகளில் துண்டுக்கு அடியில் விரலைப் பிடித்து விலை பேசுவதைப் பார்த்திருப்பீர்கள். சுற்றி நூறு பேர் நின்றாலும் விலை இரண்டு பேருக்குள் மட்டும் இருக்கும். பேரம் படியாவிட்டாலும் யாருக்கும் தலைகுனிவு இல்லை. மாட்டு விலைக்கு அந்த மறைவு தருகிறவர்கள் நாம். எட்டு மணி நேரம் மெஷினில் குனிந்திருக்கிற பெண்ணின் தப்பைச் சொல்லவும் அந்த மறைவு வேண்டாமா? தனியாகக் கூப்பிடுங்கள், பீஸைக் கையில் எடுத்துக் காட்டுங்கள், எங்கே தவறியது என்று அவரையே கேளுங்கள். பாதி நேரம் ஊசியிலோ கட்டிங்கிலோ கோளாறு இருக்கும், அவரிடம் இருக்காது. பாராட்டைத்தான் லைன் முழுக்கக் கேட்கும்படி சொல்ல வேண்டும்.

கேள்வி: மேனேஜர் என்னை ‘கண்ணு’ என்றுதான் கூப்பிடுகிறார். ‘நம்ம ஊர்ல எல்லாரும் அப்படித்தானே கூப்பிடுவாங்க’ என்கிறார். எனக்குப் பிடிக்கவில்லை.
— இன்ஜினீயர், கோவை

உங்களுக்குப் பிடிக்கவில்லை என்பதே முழு விடை. நம் ஊரில் ‘கண்ணு’ என்று பாட்டி கூப்பிடுவார், பஸ்ஸில் பக்கத்தில் உட்காருகிற அக்கா கூப்பிடுவார். காதுக்கு இதமாக இருக்கும். உங்கள் சம்பள உயர்வுக்குக் கையெழுத்துப் போடுகிறவர் கூப்பிடும்போது அது வேறு. ‘சார், பேர் சொல்லிக் கூப்பிடுங்க’ என்று ஒருமுறை தெளிவாகச் சொல்லுங்கள். சிரித்துக்கொண்டு சொல்ல வேண்டாம். சிரித்தால் சம்மதம் என்று எடுத்துக்கொள்வார்கள். நல்ல மனிதர் என்றால் அன்றோடு நிறுத்திவிடுவார்.

நிறுத்தாமல், பேச்சும் பார்வையும் வேறு திசையில் போனால் அது மரியாதைப் பிரச்சினையைத் தாண்டிவிட்டது. 1997-ல் உச்ச நீதிமன்றம் விசாகா வழக்கில் வழிமுறைகள் வகுத்தது. 2013-ல் அது சட்டமாகவே வந்தது. பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கிற எந்த இடத்திலும் உள்ளகப் புகார்க் குழு இருக்க வேண்டும், அதற்குத் தலைவர் ஒரு பெண்ணாக இருக்க வேண்டும். பத்துப் பேருக்குக் குறைவான இடங்களில் வேலை பார்ப்பவர்களுக்கும், முதலாளி மீதே புகார் இருந்தாலும், மாவட்ட அளவில் குழு உண்டு. சம்பவம் நடந்து மூன்று மாதத்துக்குள் எழுதிக் கொடுக்க வேண்டும். என்ன நடந்தது, என்ன தேதி, பக்கத்தில் யார் இருந்தார்கள் என்று அன்றன்றே குறித்து வையுங்கள்.

கேள்வி: மில்லில் வடநாட்டுப் பையன்களை எல்லோரும் ‘ஏ பையா’ என்று கூப்பிடுகிறார்கள். அவர்கள் பெயர் வாயில் நுழைவதில்லை.
— மேஸ்திரி, சென்னிமலை

நுழையும். பத்து முறை சொல்லிப் பாருங்கள். ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் ரயிலில் நின்றபடி வந்து, நம் ஊர்ப் பெயர்களை அவர்கள் கற்றுக்கொள்ளவில்லையா? பெருந்துறை, ஊத்துக்குளி, வெள்ளக்கோவில் என்று தெளிவாகச் சொல்கிறார்கள். 2023 மார்ச்சில் பொய் வீடியோக்கள் பரவி, வட மாநிலத் தொழிலாளர்கள் பயந்து மூட்டை கட்டினார்களே, நினைவிருக்கிறதா? அப்போது பல கம்பெனிகளில் ‘போகாதீங்க, நாங்க இருக்கோம்’ என்று கெஞ்ச வேண்டியிருந்தது. பெயர் சொல்லிப் பழகிய மேஸ்திரி கெஞ்சியிருந்தால் அந்தப் பேச்சு இன்னும் கொஞ்சம் எடுபட்டிருக்கும். பெயரோடு இன்னொன்றும் செய்யுங்கள். பாதுகாப்பு அறிவிப்புகளை இந்தியிலும் ஒடியாவிலும் ஒட்டி வையுங்கள். மெஷினில் கை போனால் பிறகு மொழி எதற்கு?

கேள்வி: கூலிக்குத் தறி ஓட்டுகிறேன். பில் போட்டு மூன்று மாதம் ஆச்சு. போனால் உட்கார வைத்து டீ வாங்கிக் கொடுத்து, ‘அடுத்த வாரம் பாக்கலாங்க’ என்று அனுப்பிவிடுகிறார்கள். பழகின இடம், கடுமையாகக் கேட்க முடியவில்லை.
— விசைத்தறிக்காரர், வீரப்பன்சத்திரம்

அவர்கள் கொடுத்த டீக்கு நன்றி சொல்லிவிட்டுத் தேதியைக் கேளுங்கள். ‘எந்தத் தேதிங்க? எவ்வளவு?’ என்று கேட்டு, அவர் எதிரிலேயே நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். வீட்டுக்கு வந்ததும், ‘இன்ன தேதிக்கு இவ்வளவு தருவதாகச் சொன்னீங்க, நன்றிங்க’ என்று வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி. இதில் ஒரு கடுமையான சொல்கூட இல்லை. ஆனால் அடுத்த முறை ‘பாக்கலாங்க’ என்ற பேச்சு வராது.

சிறு தொழிலாக உத்யம் பதிவு வைத்திருக்கிறீர்களா? இல்லையென்றால் செய்துகொள்ளுங்கள். 2006-ஆம் ஆண்டின் குறு, சிறு தொழில்கள் சட்டப்படி, எழுதிய ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளுக்கு மேல் உங்கள் பணத்தை வைத்திருக்கக் கூடாது. ஒப்பந்தமே இல்லையென்றால் 15 நாள். தாண்டினால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு கூட்டு வட்டி. பதிவுக்குப் பிறகு போடும் பில்லுக்குத்தான் இந்தப் பாதுகாப்பு, அதனால் நாளைக்கே செய்யுங்கள். பழகின இடத்தில் கேஸ் போடச் சொல்லவில்லை. சட்டம் உங்கள் பக்கம் இருக்கிறது என்று தெரிந்தால் குரல் நடுங்காது.

பாக்கி வைத்திருப்பவர் யாராவது இதைப் படித்தால் அவருக்கும் ஒரு வார்த்தை. பணம் இல்லையென்றால் இல்லையென்று சொல்லுங்கள். ‘இருபதாம் தேதி பாதி, அடுத்த மாசம் பாதி’ என்பது கௌரவமான பேச்சு. அவர் அதை நம்பித்தான் நூலுக்கும் கரண்ட் பில்லுக்கும் ஏற்பாடு செய்வார்.

கேள்வி: மீட்டிங்குக்கு நேரமாகிவிட்டால் ‘வந்துட்டே இருக்கேங்க’ என்று சொல்வது சரிதானே?
— ரியல் எஸ்டேட் ஏஜென்ட், திருச்செங்கோடு

வண்டியை எடுத்துவிட்டீர்கள் என்றால் சரி. இன்னும் சட்டை போடவில்லை என்றால் பொய். ‘இருபது நிமிஷம் ஆகுங்க’ என்று சொல்லுங்கள். அவர் அந்த இருபது நிமிஷத்தில் ஒரு வேலையை முடித்துக்கொள்வார்.

கேள்வி: முதலாளி வீட்டுக் கல்யாணத்துக்கு வெற்றிலை பாக்கோடு பத்திரிகை வைத்துக் கூப்பிட்டார். குடும்பத்தோடு போனேன். மண்டபத்தில் நுழைந்ததும் ‘அந்தப் பந்தியைக் கொஞ்சம் பார்த்துக்க’ என்றார்கள். மனைவி, பிள்ளைகள் தனியாக உட்கார்ந்து சாப்பிட்டார்கள்.
— கிளர்க், ஈரோடு

படிக்கும்போதே வலிக்கிறது. பட்டுச்சேலை கட்டி, மொய்க் கவரில் பெயர் எழுதி எடுத்துக்கொண்டு வந்த அந்த அம்மாவுக்குக் கணவர் சாம்பார் வாளியோடு ஓடுவதைப் பார்க்க எப்படி இருந்திருக்கும்!

நம் ஊரில் வேண்டியவர்கள் பந்தியில் இறங்கிப் பரிமாறுவது பெருமைதான். சொந்தக்காரரும் வாளி தூக்குவார், பங்காளியும் தூக்குவார். அந்த வேலை தானாக மனசு வந்து செய்வது. சம்பளம் கொடுக்கிறவர் சொன்னால் மறுக்க முடியாது என்பதுதான் வித்தியாசம். முதலாளிமார்களே, ஆள் வேண்டுமென்றால் முன்கூட்டியே சொல்லி, அன்றைக்குச் சம்பளமும் கொடுத்துக் கூப்பிடுங்கள். பத்திரிகை வைத்தால், வாசலில் நின்று ‘வாங்க’ என்று கைகூப்பிக் குடும்பத்தோடு பந்தியில் உட்கார வையுங்கள். இரண்டையும் ஒரே கவருக்குள் போடாதீர்கள்.

கிளர்க் ஐயா, அடுத்த முறை, ‘பசங்களைச் சாப்பிட வெச்சுட்டு வந்துடறேங்க’ என்று சொல்லி, நீங்களும் அவர்களோடு உட்கார்ந்து சாப்பிடுங்கள். கல்யாண வீட்டில் அதற்கு யாரும் குறுக்கே நிற்க மாட்டார்கள்.

கேள்வி: வேறு வேலை கிடைத்துவிட்டது. சொன்னால் கடைசி மாதச் சம்பளத்தைப் பிடித்துக்கொள்வார்கள். ‘ஊர்ல நோம்பி’ என்று லீவு போட்டுவிட்டு அப்படியே நின்றுவிடலாமா?
— ஸ்டோர் கீப்பர், பெருந்துறை

வேண்டாங்க. பயம் நியாயமானது, வழிதான் சரியில்லை. நியமன உத்தரவில் எத்தனை நாள் முன்னறிவிப்பு என்று இருக்கிறதோ, அதன்படி எழுதிக் கொடுத்து, ஒரு நகலில் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். வாங்க மறுத்தால் பதிவுத் தபாலில் அனுப்புங்கள், மெயிலிலும் ஒன்று போடுங்கள். பார்த்த வேலைக்கான சம்பளத்தைப் பிடித்து வைக்க எந்த நிர்வாகத்துக்கும் உரிமை கிடையாது. தராவிட்டால் தொழிலாளர் துறை அலுவலகத்தில் மனுக் கொடுக்கலாம், அந்த நகல் அங்கே உங்களுக்குப் பேசும்.

போவதற்கு முன் இருப்பைச் சரிபார்த்துப் பட்டியல் எழுதி, சாவியோடு அடுத்தவர் கையில் கொடுங்கள். எந்த ரேக்கில் எது இருக்கிறது, எந்த சப்ளையர் எந்தக் கிழமை வருவார் என்று ஒரு தாளில் எழுதி வைத்தால், உங்கள் இடத்துக்கு வருகிற பையன் முதல் நாளே திட்டு வாங்காமல் தப்பிப்பான். அப்புறம் நோம்பிக்கும் போய்விட்டு வாங்க.